துணியில் இல்லாத புள்ளி

மில்லில் அவளைப் பம்பரம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து ஜன்னலைச் சாத்துவாள். சாத்திவிட்டு வந்தால், குழாயை மூடினோமா என்ற சந்தேகம் வந்துவிடும். அவளுடைய கணவன் லிஃப்ட் மெக்கானிக். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல அளந்து பேசுகிறவன். "ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு ஓடேன்" என்பான், அவள் அதற்குள் வாசலில் நிற்பாள்.

துணியின் முன்னால் மட்டும் அவள் வேறு ஆள். தறியிலிருந்து வரும் துணியைப் பெரிய உருளையில் சுற்றிக் கொண்டுவந்து, சாய்வான கண்ணாடி மேஜையில் விரித்து ஓடவிடுவார்கள். கண்ணாடிக்குப் பின்னால் டியூப் லைட். துணி மேலிருந்து கீழே மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். அறுந்த இழை, முடிச்சு, எண்ணெய்க் கறை, ஊசிமுனை ஓட்டை எது தெரிந்தாலும் காலடியில் உள்ள மிதியை அழுத்தித் துணியை நிறுத்தி, பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டவேண்டும். அந்த மேஜைக்கு முன்னால் நிற்கும்போது அவள் கால் மாற்றிக்கூட நிற்பதில்லை. நாள் முழுவதும் உள்ளுக்குள் எதுவோ விரட்டிக்கொண்டே இருக்கும் அவளுக்கு, அந்த வெளிச்சத்தில் இறங்கும் துணி ஒன்றுதான் ஓய்வு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

அன்றைக்கு வெள்ளைத் துணி. காலையிலிருந்து கறை கறையாக வந்துகொண்டிருந்தது. அவளும் ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கராக ஒட்டித் தள்ளினாள். மத்தியானத்துக்கு மேல் சூப்பர்வைசர் அந்த உருளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"என்னம்மா பம்பரம், துணிக்குப் பொட்டு வச்சு விளையாடுறியா? அம்பு இருக்கு, கறையைக் காணோம்."

"இருக்கு சார். நல்லாப் பாருங்க. இதோ..."

விரலை வைத்துக் காட்டினாள். புள்ளி விரலைத் தாண்டிப் போயிற்று. துணி நின்றிருந்தது, புள்ளி நகர்ந்தது. அவள் பார்வையைத் திருப்பினால் அதுவும் கூடவே திரும்பி, கொஞ்சம் தாமதித்து, மெதுவாக மிதந்து இறங்கியது. சூப்பர்வைசர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அவள் காதில் விழவில்லை. வலது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தாள். மேஜை, துணி, டியூப் லைட், சூப்பர்வைசரின் முகம் எல்லாம் புகைக்குள் நின்றன.

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பாவை விரியவைத்து, நெடுநேரம் பார்த்தார் டாக்டர். நடுவயதுப் பெண்மணி. விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"இடது கண்ணுல, உள்ளே விழித்திரையில பழைய தழும்பு ஒண்ணு இருக்கும்மா. அது பக்கத்துலயே இப்ப புதுசா ஒரு புண்ணு."

"பழைய தழும்பா? எனக்குக் கண்ணுல அடியே பட்டதில்லையே டாக்டர்."

"அடி இல்ல. ஒரு ஒட்டுண்ணி பண்ணின வேலை."

"புழுவா?" அவள் கை தானாகக் கண்ணுக்குப் போயிற்று.

"கையை எடுங்க முதல்ல. புழு இல்ல. அதைவிட ரொம்ப ரொம்பச் சின்னது, ஒரே ஒரு செல். பேரு டாக்ஸோபிளாஸ்மா. பூனையோட குடல்ல பெருகும். அதோட கழிவு மண்ணுலயும் தண்ணியிலயும் கலந்து நமக்குள்ள போகும். சரியா வேகாத கறியிலயும் வரும். உங்களுக்கு எப்பவோ, சின்ன வயசுலயோ அதுக்கு முன்னாடியோ, உள்ள போயிருக்கு. இத்தனை வருஷம் தூங்கிட்டு இருந்தது இப்ப முழிச்சிருக்கு."

டாக்டர் சொன்னதில் பாதி அவள் மனதில் நிற்கவில்லை. பூனை என்ற ஒரு சொல் மட்டும் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

வீட்டில் மாடியில் அவள் அக்கா இருந்தாள். கணவனை இழந்தவள், தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். அக்காவிடம் ஒரு பூனை உண்டு. பழுப்பு நிறம், பெருத்த உடம்பு, நாள் முழுவதும் கடை மெஷினின் சூட்டில் படுத்துத் தூங்கும். ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் முறைக்கிறது என்று அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தாள்.

ஒட்டுண்ணியைக் கொல்ல ஒரு மாத்திரை. அது வேலை செய்யத் தொடங்கியபின் வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு மாத்திரை. "இதை மட்டும் தனியா எடுத்துடாதீங்க, ரெண்டும் சேர்ந்துதான். நீங்களா நிறுத்தவும் கூடாது" என்று டாக்டர் அழுத்திச் சொல்லியிருந்தார். அவர் சொன்னபடியே தூக்கம் போயிற்று. பசி வந்தது, முகம் உப்பியது. ஏற்கெனவே சுற்றும் பம்பரத்துக்கு யாரோ இன்னொரு தடவை சாட்டையைச் சுண்டிவிட்டதுபோல ஆயிற்று. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைத் தனி ஆளாகக் கழுவினாள். பாத்திரங்களை எல்லாம் கொதிநீரில் போட்டாள். கணவன் கொண்டுவந்த கறியை வெந்தபிறகும் வேகவைத்து, சட்டியோடு கருக்கினாள். அவன் கருகினதைச் சத்தமில்லாமல் சாப்பிட்டான். அதுவும் அவளுக்குக் கோபமாக வந்தது.

"எதாவது சொல்லுங்களேன். கல்லு மாதிரி உக்காந்திருந்தா எப்படி?"

"உப்பு சரியா இருக்கு" என்றான்.

ஒரு நாள் அக்கா கடைக்குத் தாள் வாங்கப் போயிருந்த நேரம், மேனேஜரைக் கூடையில் போட்டு மூடி, பஸ் ஏறி, மீன் மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். அங்கே சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

சாயங்காலம் அக்கா படி இறங்கி வந்தாள்.

"மேனேஜரைப் பாத்தியாடி?"

"மார்க்கெட்டுல விட்டுட்டேன்."

அக்கா முதலில் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"எதுக்கு?"

"அதாலதான் எனக்குக் கண்ணு போச்சு. உனக்கு என் கண்ணு பெருசா, பூனை பெருசா?"

"கேட்டிருந்தா நானே யார்கிட்டயாவது குடுத்திருப்பேனேடி. ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள் அக்கா. பதிலுக்கு நிற்காமல் திரும்பினாள். மாடிக்குப் போய்விட்டாள். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. மாடிப்படியில் எதிரே வந்தால் அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு போனாள்.

அடுத்தமுறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது புகை நன்றாகக் குறைந்திருந்தது. பூனையை அனுப்பிவிட்டேன் என்று அவள் பெருமையாகவே சொன்னாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தப் பூனைக்கு என்ன வயசு?"

"அஞ்சாறு வயசு இருக்கும்."

"உங்க தழும்பு அதுக்கெல்லாம் ரொம்ப முந்தினதும்மா. நீங்க ஸ்கூல் போன காலத்துலயே இருந்திருக்கலாம். இந்தப் பூனை அப்ப பொறந்தே இருக்காது. அதைக் குத்தம் சொல்ல ஒண்ணுமே இல்ல."

திரும்பும் வழியில் அவள் நேராக மீன் மார்க்கெட்டுக்குப் போனாள். கணவனையும் போன் செய்து வரவழைத்தாள். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவிலும் தள்ளுவண்டிகளுக்கு அடியிலும் இருவரும் குனிந்து குனிந்து தேடினார்கள். "மேனேஜர்! மேனேஜர்!" என்று அவள் கூப்பிட்டதைக் கேட்டு மார்க்கெட் ஆபீசிலிருந்து ஒருவர் எட்டிப்பார்த்தார். பூனைகள் நிறைய இருந்தன. அவர்கள் பூனை இல்லை. மறுநாளும் போனார்கள். அது கிடைக்கவே இல்லை.

கண்ணின் கதை அதோடு முடியவில்லை. புண் ஆறியது, ஆனால் பார்வையின் நடுவுக்குச் சற்றுப் பக்கத்தில் ஒரு ஓட்டை நிரந்தரமாக நின்றுவிட்டது. இடது கண்ணால் மட்டும் ஒரு முகத்தைப் பார்த்தால் ஒரு கன்னம் காணாமல் போனது. தினமும் எழுந்ததும் ஒரு கண்ணை மூடி ஜன்னல் கம்பிகளைப் பார்ப்பாள். கம்பி நேராக இருக்கிறதா, நெளிகிறதா, புகை உண்டா? சிறிது நேரம் கழித்து இன்னொரு தடவை. மில் வாசலில் ஒரு தடவை, சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை. துணியின் முன்னால் நின்றாலும் மனம் துணியில் இல்லை. வருவது துணியின் கறையா, கண்ணின் கறையா என்று ஒவ்வொன்றுக்கும் மிதியை அழுத்தினாள். அவளுக்கு ஓய்வாக இருந்த ஒரே இடமும் கைவிட்டுப் போயிற்று.

குளிர்காலம் தொடங்கியபோது மறுபடியும் வந்தது. பழைய தழும்பின் மறு ஓரத்தில் இன்னொரு புண். மறுபடியும் புகை, மாத்திரை, உப்பிய முகம். இந்தமுறை அவள் டாக்டரிடம் அழவில்லை, சண்டை போட்டாள்.

"எங்க அக்காவும் நானும் ஒரே வயித்துல பொறந்தோம். ஒரே தொட்டித் தண்ணியைக் குடிச்சோம், ஒரே மண்ணுல விளையாடினோம். அவ ஜம்முனு இருக்கா. எனக்கு மட்டும் ஏன் டாக்டர்?"

"நல்ல கேள்வி. இதே கேள்வியைத்தான் இங்க ஒரு குழு ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்கு" என்றார் டாக்டர். "முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. இந்த ஒட்டுண்ணி உலகத்துல எத்தனையோ கோடிப் பேர் உடம்புல இருக்கு. முக்கால்வாசிப் பேருக்குக் கண்ணுல ஒண்ணும் ஆகறதே இல்ல. உடம்போட எதிர்ப்பு சக்தி அதை அடக்கி மூலையில உக்கார வச்சிடும். அழிக்க முடியாது, ஆனா அடக்கிடும்."

"எனக்கு எதிர்ப்பு சக்தி கம்மியா அப்ப?"

"அப்படியும் சொல்ல முடியாது. ஒரு கண்ணாடிக் கடைக்குள்ள திருடன் பூந்துட்டான்னு வைங்க. பிடிக்கப் போலீஸ் உள்ள போகுது. திருடன் ஒரு கண்ணாடியை உடைச்சான்னா, துரத்திப் பிடிக்கிற வேகத்துல போலீஸ் பத்து கண்ணாடியை உடைக்கும். உங்க விழித்திரைதான் அந்தக் கடை. ஒட்டுண்ணியும் சேதம் பண்ணுது, அதோட சண்டை போடுற உங்க உடம்பும் சேதம் பண்ணுது. அதனாலதான் ரெண்டு மாத்திரை. ஒண்ணு திருடனுக்கு, ஒண்ணு போலீசுக்கு."

அவளுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. "சரி, எங்க அக்கா கடையில போலீஸ் ஒழுங்கா நடந்துக்குது, என் கடையில ஏன் இப்படி?"

"அதுதான் ஆராய்ச்சி. சண்டையைத் தொடங்குன்னு சொல்ற கட்டளையும், போதும் நிறுத்துன்னு சொல்ற கட்டளையும் நம்ம ஜீன்ல இருந்துதான் வருது. ஆளுக்கு ஆள் அதுல சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். சிலருக்கு 'நிறுத்து' லேட்டா வருதோன்னு பாக்கறோம். உங்க அக்கா வந்து ரத்தம் குடுத்தா, கண்ணையும் காட்டினா, ரெண்டு பேரையும் ஒப்பிட்டுப் பாக்கலாம்."

அக்காவிடம் பேசியே மாதக்கணக்காகிறது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? இரண்டு தடவை பாதிப் படி ஏறி இறங்கிவிட்டாள். கடைசியில் அவள் கணவன்தான் ஜெராக்ஸ் கடைக்குப் போனான். அங்கே போய் என்ன பேசினான் என்று யாருக்கும் தெரியாது. அவன் பேசியது மொத்தம் ஒரு வரிக்கு மேல் இருந்திருக்காது. மறுநாள் காலை அக்கா வெளியே போக உடுத்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

"உனக்காக ஒண்ணும் இல்ல. உன் புருஷன் வந்து கேட்டாரு, அந்த மனுஷனுக்காக."

"சரிக்கா."

"ஊசின்னா எனக்கு உயிரே போயிடும். உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்க்கா."

ஊசி குத்தும்போது அக்கா தங்கையின் மணிக்கட்டை இறுக்கிய இறுக்கில் வளையம்போலச் சிவந்துபோயிற்று. நர்ஸ் போன பிறகும் விடவில்லை. அப்போதுதான் பம்பரம் சொன்னாள், "மார்க்கெட்டுல தேடினோம்க்கா. ரெண்டு நாள் தேடினோம். கிடைக்கல."

"தெரியும். நானும்தான் போய்த் தேடினேன்" என்றாள் அக்கா. சற்றுப் பொறுத்து, "மீன் தின்னு கொழுத்துப் போயிருக்கும். நம்மளை மதிக்கவா போகுது" என்றாள். குரல் உடைந்துவிட்டது. இருவரும் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அக்காவின் இரண்டு கண்ணும் சுத்தம். ஆனால் ரத்தத்தில் தெரிந்தது: அந்த ஒட்டுண்ணி அவளுக்குள்ளும் எப்போதோ வந்து குடியேறியிருந்தது. வீட்டு ஆட்களில், கூடவே ரத்தம் கொடுத்த பம்பரத்தின் கணவனுக்கு மட்டும்தான் அது இல்லை. "என்கிட்ட வந்தா போரடிக்கும்னு வரல போல" என்றான் அவன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அடித்த முதல் ஜோக் என்று அவள் மில்லில் போய்ச் சொன்னாள்.

மில்லில் அவள் இன்னொரு காரியத்தையும் செய்தாள். ஒரு பெரிய ஆர்டரில் அவள் பார்த்து அனுப்பிய துணியில் நீளமாக ஓர் இழை அறுந்திருந்தது, தைக்கும் இடத்தில்தான் கண்டுபிடித்தார்கள். சூப்பர்வைசர் அதை மூடி மறைக்கத்தான் பார்த்தார்.

"யாருக்கும் நடக்கறதுதான். விடு."

"இல்ல சார். ஒரு கண்ணால பாத்தாலும் நான் பிடிச்சிடுவேன். ஆனா இப்ப நான் துணியைப் பாக்கறதே இல்ல, கண்ணைத்தான் பாத்துட்டு இருக்கேன். என்னை வேற எங்கயாவது போடுங்க."

லோடு ஏற்றும் பகுதியில் போட்டார்கள். எந்த உருளை எந்த லாரிக்கு என்று பார்த்து அனுப்பும் வேலை. நாளெல்லாம் அங்கும் இங்கும் ஓடவேண்டும். டிரைவர்கள் அவளைக் கண்டால் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள். வேலை அவளுக்குப் பொருந்தித்தான் இருந்தது. ஆனாலும் செக்கிங் அறையைத் தாண்டும்போது உள்ளே பார்க்காமல் வேகமாகப் போவாள். அங்கே இப்போது வேறொருத்தி நிற்கிறாள், அவளுக்கு முன்னால் துணி இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்த அமைதி லோடு பகுதியில் கிடைக்காது. வீட்டிலும் கிடைக்கவில்லை.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் டாக்டர் அக்கா தங்கை இருவரையும் சேர்த்தே கூப்பிட்டார். அவள் முதல் நாளே தயாராகிவிட்டாள். இன்றைக்கு ஒரு பதில் கிடைத்துவிடும், இது பூனையும் இல்லை, தண்ணீரும் இல்லை, இந்த ஜீன்தான் என்று ஒன்றைக் கைகாட்டிவிடலாம் என்று நினைத்தாள்.

"நாங்க தேடின வித்தியாசம் உங்ககிட்ட இருக்கு. கண்ணு பாதிச்சவங்கள்ல அது கொஞ்சம் அதிகமாத் தெரியுது" என்றார் டாக்டர்.

"பாத்தியாக்கா!" என்று அவள் எழுந்தே விட்டாள்.

"உக்காருங்க. இன்னும் முடிக்கல. அதே வித்தியாசம் உங்க அக்காகிட்டயும் இருக்கு."

அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்படின்னா?" என்றாள் அவள்.

"அப்படின்னா ஜீன் ஒரு பங்குதான். எந்த வயசுல உள்ள போச்சு, எவ்வளவு போச்சு, எந்த ரகம், கண்ணுல போய்த் தங்கிச்சா இல்லையா, இதெல்லாமும் இருக்கு. எங்களுக்குத் தெரியாத இன்னும் பத்து இருக்கும். உங்களுக்கு மட்டும் ஏன்னு கேட்டா, உண்மையைச் சொல்றேன், எனக்குத் தெரியலம்மா."

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பூனையைத் திட்டியாகிவிட்டது, தொட்டியைக் கழுவியாகிவிட்டது, ஜீனையும் கேட்டாகிவிட்டது. குற்றவாளி என்று ஒருத்தரும் அகப்படவில்லை. டாக்டர் அதோடு விடாமல், புண் அடிக்கடி திரும்பி வராமலிருக்க ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சிறு சந்தேகம் வந்தாலும் அன்றைக்கே வரவேண்டும் என்றார்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். 

"ஏண்டி, அப்ப எனக்கும் வரலாமா?"

அன்றிலிருந்து அக்காவுக்கு நிம்மதி போயிற்று. ஜெராக்ஸ் கடையில் நின்று ஒரு கண்ணை மூடி எதிர்க்கடை போர்டைப் படிப்பாள், பிறகு மறுகண். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் தன்னைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறாள் என்று எண்ணி, சட்டையைச் சரிசெய்துகொண்டு மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார், ஒரே தாளை மூன்று தடவை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார். இதை அக்கா தலையில் அடித்துக்கொண்டு சொன்னபோது பம்பரம் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவைத் தன் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "இத பாருக்கா. நாள் பூரா பாத்துட்டு இருந்தா ஒண்ணுமே இல்லாத இடத்துலயும் புள்ளி தெரியும். நான் பட்டுட்டேன். காலையில ஒரு தடவை பாரு. ஒரு கண்ணை மூடு, கம்பியைப் பாரு. அப்புறம் கடையைப் பாரு."

"நீ அப்படித்தான் பாக்கறியா?"

"நான் இல்ல. நீ அப்படிப் பாரு" என்றாள்.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. பெரிய இடைவெளிக்குப் பிறகு ஒரு தடவை புகை வந்தது. அவள் லோடு ஏற்றும் தாளை டிரைவர் கையில் திணித்துவிட்டு அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஓரத்தில் சின்னப் புண், நடுவைத் தொடவில்லை. "ஓடி வந்தீங்க, அதனால தப்பிச்சீங்க" என்றார் டாக்டர். ஓடுவதற்காக யாரும் அவளைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

இப்போது இருவரும் சேர்ந்தேதான் கண் காட்டப் போகிறார்கள். கடைசியாகப் போனபோது இருவர் கண்ணிலும் சொட்டு மருந்து. பாப்பா விரிந்துபோய், வெளியே வந்தால் தெரு முழுக்க வெள்ளை வெயில். பஸ் நம்பர் இருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. அக்கா ஒன்றைச் சொல்ல, தங்கை இன்னொன்றைச் சொல்ல, அந்தச் சண்டையிலேயே ஏறிவிட்டார்கள். கொஞ்ச தூரம் போனபிறகுதான் ஜன்னலில் தெரியாத கடைகளும் தெரியாத பாலமும் வந்தன.

"தப்பான பஸ்க்கா. இறங்கு, இறங்கு" என்று அவள் எழுந்தாள்.

அக்கா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "எங்க இறங்குவே? இறங்கினா மட்டும் உனக்குக் கண்ணு தெரியுமா? கடைசி ஸ்டாப் வரைக்கும் போய் இதே பஸ்ஸுல திரும்பிடலாம். அதுக்குள்ள மருந்து இறங்கிடும்."

அவள் உட்கார்ந்தாள். உடனே மறுபடி எழப் பார்த்தாள். அக்கா பையைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள். உள்ளே ஆஸ்பத்திரிக் காகிதங்களும் தண்ணீர் பாட்டிலும் மூன்று மாதத்து மாத்திரையும் இருந்தன. பஸ் ஏதோ ஒரு மேட்டில் முனகிக்கொண்டு ஏறியது. எதிர் வெயிலுக்கு இருவரும் கையைக் குடையாக வைத்துக்கொண்டு, எங்கே போகிறோம் என்று தெரியாமல், வெளியே பார்த்துக்கொண்டு போனார்கள்.